சிலிக்கான் கன்: தள்ளும் பலத்தோடு நிறுத்தும் திறனையும் பாருங்கள்

இடுக்குகளை அடைக்கும் பசையை, அதாவது சீலன்டை, டியூபிலிருந்து தள்ளும் கருவிதான் சிலிக்கான் கன். அதை வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: கெட்டியான இரும்பா, பிடி வசதியா. இரண்டும் தேவைதான். ஆனால் சுவர் மூலையில் விழப்போகும் கோடு நேராக வருமா, திட்டுத்திட்டாக வருமா என்பதை முடிவு செய்வது வேறு இரண்டு விஷயங்கள். ட்ரிகரை ஒருமுறை முழுதாக அழுத்தினால் சீலன்டைத் தள்ளும் ராடு (உலோகத் தண்டு) எத்தனை மில்லிமீட்டர் முன்னே போகிறது? கையை விட்டதும் எவ்வளவு சீக்கிரம் சீலன்ட் நிற்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய கன், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், பாதி வேலையில் கையைக் கடுக்க வைக்கும். இல்லையென்றால் தரையெல்லாம் சொட்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கையால் இயக்கும் வகை. 280 முதல் 310 மி.லி. வரை கொள்ளும் வழக்கமான பிளாஸ்டிக் டியூப் பொருந்துவது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் எங்கள் பரிந்துரை இது: விசை விகிதம் 10:1 அல்லது 12:1, பல் இல்லாத வழுவழு ராடு, சொட்டாத அமைப்பு, டியூபைத் தாங்கும் அரைக்குழாய் சட்டம். நியூபார்ன் நிறுவனத்தின் 930-ஜிடிடி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: ஆறுபட்டை ராடு, 10:1 விகிதம், அரைக்குழாய், சொட்டாத அமைப்பு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. அதே அமைப்பில் வேறு பெயரில் கிடைத்தாலும் குறைவில்லை. கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் போதும்.

விசை விகிதம் என்ன செய்கிறது

12:1 என்றால், ட்ரிகர் முனை 12 மி.மீ. நகரும்போது ராடு 1 மி.மீ. நகரும். அதற்குப் பலனாக, உராய்வில் போகும் பங்கைக் கழித்தால், கையின் விசை கிட்டத்தட்ட 12 மடங்காகி ராடில் சேரும். கை 15 கிலோ அளவுக்கு அழுத்தினால் ராடு முனையில் 180 கிலோ வரை தள்ளுவிசை கிடைக்கும். வழக்கமான டியூபின் உள்விட்டம் சுமார் 46 மி.மீ. அந்தப் பரப்பில் 180 கிலோவைப் பரப்பினால் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்தரை மடங்கு. கெட்டியான சிலிக்கானைச் சின்ன நாசில் (டியூபின் கூர்முனைக் குழாய்) வழியே தள்ளுவதற்கு இது போதும்.

கடைகளில் அதிகம் தொங்குவது 6:1 அல்லது 7:1. தண்ணீர் சேர்த்துச் செய்த அக்ரிலிக் சீலன்ட் போன்ற இளகிய பொருளுக்கு அது சரி. சாதாரண சிலிக்கானுக்கு 10:1 அல்லது 12:1. பாலியூரித்தேன், எம்.எஸ். பாலிமர் போன்ற பிசுபிசுப்பான சீலன்ட் வகைகளுக்கு 18:1. கட்டுமானப் பசை, குளிரில் இறுகிப்போன சீலன்ட், பிசின் வகைகள் ஆகியவற்றுக்கு 26:1.

அப்படியானால் 26:1 வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்று தோன்றும். ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ரிகர் முனை முழு அழுத்தில் 60 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6:1 கன்னில் ராடு 10 மி.மீ. போகும்; வெளிவரும் சீலன்ட் சுமார் 16.6 மி.லி. 12:1 கன்னில் 5 மி.மீ.; 8.3 மி.லி. 26:1 கன்னில் 2.3 மி.மீ.; 3.8 மி.லி. ஒரு மூலையில் இரு பக்கமும் 6 மி.மீ. படியும் முக்கோணக் கோடு போடுவதென்றால் அதன் குறுக்குப் பரப்பு 18 சதுர மி.மீ. ஆக, ஒரே அழுத்தில் 6:1 கன் 92 செ.மீ. கோடு போடும், 12:1 கன் 46 செ.மீ.; 26:1 கன் வெறும் 21 செ.மீ. ஒவ்வொரு முறை ட்ரிகரை விட்டு மறுபடி பிடிக்கும்போதும் ஓட்டம் ஒரு கணம் தளரும். அந்த இடத்தில் கோடு மெலியும். ஒரு மீட்டரில் இரண்டு மெலிவு இருந்தால் விரலால் இழுத்துச் சமன் செய்துவிடலாம். ஐந்து இருந்தால் அலைபோலத்தான் தெரியும். 300 மி.லி. டியூபை முழுதும் காலி செய்ய 12:1 கன்னுக்கு 36 அழுத்து. 26:1 கன்னுக்கு 78.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிக விகிதம் உள்ள கன்னில் எதிர்ப்பு கைக்குத் தெரியாது. நாசில் அடைத்திருந்தாலும் கை எளிதாக அழுத்திக்கொண்டே போகும். அழுத்தம் டியூபின் சுவரை உப்பவைத்து, டியூபின் பின்பக்கத்தை மூடியிருக்கும் பிஸ்டனைச் சுற்றி சீலன்ட் பின்னால் வழியும். டியூப் கிழிவதும் நடக்கும். வாரம் முழுக்கக் கட்டுமானப் பசை தள்ளுபவருக்கு 26:1 கட்டாயம் வேண்டும். குளியலறையில் கோடு போடுபவருக்கு அது தொல்லை.

பெட்டியில் விகிதம் அச்சிடாத கன்கள் நிறைய உண்டு. அளப்பது எளிது. ட்ரிகரின் அடிமுனை முழு அழுத்தில் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். பிறகு ராடில் பென்சிலால் ஒரு குறி போட்டு, பத்து முறை அழுத்தி, குறி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பத்தால் வகுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் விகிதம். சொட்டாத வகையில் ராடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்வாங்கினால் விடை சற்று அதிகமாகக் காட்டும். அது நடைமுறைக்கு உகந்த எண்தான், ஏனென்றால் வேலையின்போதும் அதே இழப்பு இருக்கும்.

பல் ராடும் வழுவழு ராடும்

பல் ராடு கன்னில் ராடின் ஒரு பக்கம் ரம்பம் போல வெட்டியிருக்கும். ட்ரிகரில் உள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாகப் பிடித்துத் தள்ளும். நழுவவே நழுவாது என்பது இதன் ஒரே பெருமை. குறை பெரியது: சீலன்ட் பல்லுக்குப் பல் விட்டுவிட்டு வரும். அழுத்தத்தை நீக்க ராடைக் கையால் அரைச்சுற்றுத் திருப்பிப் பல்லை மேலே கொண்டுவர வேண்டும். ஒரு கையில் கன், மறு கையில் துணி என்று நிற்கும்போது அந்தத் திருப்பலுக்கு மூன்றாவது கை தேவைப்படும். திருப்பும் வரை நாசில் சொட்டிக்கொண்டே இருக்கும். விலை குறைவு என்பதற்காக இதை வாங்குவது வீண். ஒட்டுப்பலகை ஒட்டுவது போன்ற, கோட்டின் அழகு முக்கியமில்லாத வேலைக்கு மட்டும் இது போதும்.

வழுவழு ராடு கன்னில் பல் கிடையாது. துளையுள்ள எஃகுத் தகடு ஒன்றின் வழியாக ராடு போகும். ட்ரிகர் அழுத்தும்போது தகடு சற்றே சாய்ந்து, துளையின் விளிம்பு ராடைக் கவ்வி முன்னே இழுத்துச் செல்லும். பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இன்னொரு தகடு ஸ்பிரிங்கோடு இருக்கும். ட்ரிகர் திரும்பி வரும்போது ராடு பின்னால் போய்விடாமல் அது பிடித்துக்கொள்ளும். அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பிடி விடும், அழுத்தம் உடனே இறங்கும். பல் இல்லாததால் ட்ரிகரைக் கால் பங்கு அழுத்தினாலும் அதற்கேற்றபடி ராடு நகரும். நுணுக்கமான கோட்டுக்கு இது அவசியம்.

ராடு உருண்டையாகவும் வரும், ஆறுபட்டையாகவும் வரும். ஆறுபட்டை ராடில் தகடு ஒரே புள்ளியில் கடிக்காமல் பட்டையின் அகலத்தில் கவ்வுவதால் ராடில் பள்ளம் விழுவது குறைவு. இரண்டும் கிடைத்தால் ஆறுபட்டையை எடுங்கள்.

சொட்டாத வகை என்பது வழுவழு ராடு கன்னின் மேம்பட்ட வடிவம். கையை விட்டதும் பின்தகடு ராடைச் சில மில்லிமீட்டர் பின்வாங்க விடும். டியூபுக்குள் இருந்த அழுத்தம் தானாகவே குறையும். இதை விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு நம்ப வேண்டாம். டியூபின் பிளாஸ்டிக் சுவர் அழுத்தத்தில் உப்பியிருக்கும், உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அதுவும் இறுகியிருக்கும். ராடு பின்வாங்கிய பிறகும் சுவர் சுருங்கியும் குமிழி விரிந்தும் இன்னும் ஒரு துளியை வெளியே தள்ளும். கெட்டியான சிலிக்கானில் ஏறக்குறைய சொட்டாது. இளகிய அக்ரிலிக்கில் ஒரு சொட்டாவது வரும். ஆகவே சொட்டாத கன் வைத்திருந்தாலும், கோடு முடிந்ததும் கட்டைவிரலால் பின்தகட்டை அழுத்தும் பழக்கத்தை விடக்கூடாது. அதைச் செய்தால் சாதாரண வழுவழு ராடு கன்னே நன்றாக நிற்கும்.

சட்டம்

கம்பிச் சட்டம், அரைக்குழாய், சுழலும் அரைக்குழாய் என மூன்று வகை. கம்பிச் சட்டம் எடை குறைவு, துடைக்க எளிது. ஆனால் டியூபை இரண்டு முனைகளில்தான் தாங்கும், அழுத்தத்தில் டியூப் கோணலாகும். அரைக்குழாய் முழு நீளத்துக்கும் தாங்கும். சுழலும் வகையில் கன்னின் பிடி அசையாமல் டியூபை மட்டும் திருப்பலாம். சாய்வாக வெட்டிய நாசிலை அறையின் மூலையைச் சுற்றிக் கொண்டுபோகும்போது மணிக்கட்டை முறுக்க வேண்டியிராது. மூலைகள் அதிகமுள்ள வேலைக்கு இது உண்மையான உதவி.

சட்டத்தில் முதலில் கெடும் இடம் முன்பக்கம், நாசில் நுழையும் வெட்டுள்ள தகடு. தள்ளுவிசை முழுவதையும் தாங்குவது அதுதான். மெல்லிய தகடு என்றால் நாள்பட முன்னோக்கி வளைந்துவிடும். டியூப் நேராக உட்காராது. ராடு முனையின் வட்டு பிஸ்டனைச் சாய்த்துத் தள்ளும். ஒரு பக்கம் சாய்ந்த பிஸ்டனைத் தாண்டி சீலன்ட் பின்னால் வழிந்து ராடிலும் பிடியிலும் ஒட்டும். "டியூப் சரியில்லை" என்று டியூபைக் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றம் இந்தத் தகட்டில்தான்.

பிடியில் நாசில் வெட்டும் துளை, உள்மூடியைக் குத்தும் கம்பி, ஏணியில் மாட்டும் கொக்கி ஆகியவை கூடுதலாக வரும். குத்தும் கம்பி பயன்படும். வெட்டும் துளை நாசிலை நசுக்கிவிடுகிறது. கூரான கத்தியே மேல்.

வாங்கும் முன் கையில் எடுத்துச் செய்ய வேண்டியவை

பின்தகட்டை அழுத்திக்கொண்டு ராடை முழுதாக வெளியே இழுங்கள். கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வளைவு இருந்தால் வேண்டாம். ராடை உள்ளே தள்ளி, பின்தகட்டைத் தொடாமல் கையால் முன்னிருந்து பின்னால் அழுத்துங்கள். சொட்டாத வகையில் சற்றே அசைந்து நிற்கும், மற்றதில் அசையவே கூடாது. நழுவினால் தகடு மழுங்கல் அல்லது ஸ்பிரிங் வலுவில்லை.

அடுத்து ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். ராடு எப்போது நகரத் தொடங்குகிறது? முதல் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நகர வேண்டும். கால்வாசி தூரம் சும்மா போய் அதன் பிறகு கவ்வினால், ஒவ்வொரு அழுத்திலும் அவ்வளவு வீண். ட்ரிகர் சுழலும் ஆணி ஆடுகிறதா என்று பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ராடு முனையின் வட்டு தட்டையாக, அசையாமல், ராடுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதன் விட்டம் டியூபின் உள்விட்டத்தைவிடச் சிறிதளவே குறைவாக இருக்க வேண்டும். ரொம்பச் சின்ன வட்டு பிஸ்டனைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

கடைசியாகக் கை. பிடிக்கும் ட்ரிகருக்கும் இடையே விரல்கள் எட்ட வேண்டும்; எட்டி எட்டிப் பிடித்தால் விரல் நுனியின் பலம்தான் கிடைக்கும், உள்ளங்கையின் பலம் சேராது. அதே கையின் கட்டைவிரல், பிடியை மாற்றாமல் பின்தகட்டை எட்டுகிறதா? சிறிய கை உள்ளவர்களுக்கு இது தடையாகும் கன்கள் பல உண்டு. கையுறையோடு சோதித்துப் பார்ப்பது நல்லது.

டியூபும் நாசிலும்

டியூபில் முதலில் காலாவதித் தேதி. பழைய சிலிக்கான் உள்ளேயே பாதி இறுகியிருக்கும்; எந்தக் கன்னாலும் அதை ஒழுங்காகத் தள்ள முடியாது, தள்ளினாலும் ஒட்டாது. வீட்டில் பழசாகிக் கிடக்கும் டியூபை அழுத்திப் பார்த்துக் கன்னைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

எந்தச் சீலன்ட் எங்கே என்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். வினிகர் வாடை வரும் சிலிக்கான், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பளிங்குக்கல், சிமென்ட், செம்பு, துத்தநாகம் பூசிய தகடு ஆகியவற்றில் அது ஆகாது. கல்லில் கறை படியும், உலோகம் அரிக்கும். அங்கெல்லாம் அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகை. பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்தில் எந்தச் சிலிக்கானும் வேண்டாம், பெயின்ட் அதில் நிற்காது; அக்ரிலிக்கோ எம்.எஸ். பாலிமரோ போடுங்கள்.

நாசில் தனியாகத் திருகும் வகை டியூபில், கழுத்தின் நுனி மூடியிருக்கும். மரை தொடங்கும் இடத்துக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும். மரையையும் சேர்த்து வெட்டினால் நாசில் நிற்காமல் அழுத்தத்தில் கழன்று பறக்கும். நாசில் ஒட்டியே வரும் வகையில் உள்ளே ஒரு மெல்லிய மூடி இருக்கும். நாசிலை வெட்டியதும் நீளமான கம்பியால் அதைக் குத்த வேண்டும். ஒரே ஒரு சின்ன ஓட்டையோடு நிறுத்தாமல் கம்பியைச் சுழற்றி அகலமாகக் கிழியுங்கள். ஊசித்துளை வழியாகத் தள்ளினால் கை வலிக்கும், ஓட்டம் விட்டுவிட்டு வரும், பிஸ்டன் பக்கம் கசியும். கன் தரமில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் பலவற்றுக்கும் நிஜக் காரணம் சரியாகக் கிழியாத இந்த மூடி.

நாசிலை நுனியில் 45 பாகை சாய்வில் வெட்டுங்கள். துளை கோட்டைவிடச் சிறியதாக இருக்கட்டும்: 6 மி.மீ. கோட்டுக்கு 4 முதல் 5 மி.மீ. துளை, குளியல் தொட்டி ஓரத்துக்கு 3 முதல் 4 மி.மீ. முதலில் நுனியோடு சின்னதாக வெட்டி, ஒரு அட்டையில் இழுத்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் இரண்டு மி.மீ. கீழே வெட்டலாம். பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க முடியாது. அதே சமயம், துளை சிறிதாகச் சிறிதாக எதிர்ப்பு பல மடங்கு ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்: 2 மி.மீ. துளையில் பாலியூரித்தேன் தள்ள முயன்றால் 12:1 கன்னும் திணறும். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் கோட்டில் கீறல் விழும். நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள்.

டியூபை ஏற்றும்போது ராடு முழுக்கப் பின்னால் இருக்க வேண்டும். டியூபின் பின்பக்கத்தை முதலில் வட்டின் மேல் வைத்து, முன்பக்கத்தை வெட்டில் இறக்குங்கள். ராடைக் கையால் தள்ளி வட்டு பிஸ்டனின் நடுவில் படும்படி நிறுத்துங்கள். அதன் பிறகு ட்ரிகர். குளிரில் இருந்த டியூப் என்றால் வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரம் வைத்திருந்தால் தேவைப்படும் விசை நன்றாகக் குறையும்.

கோடு இழுப்பது

இடுக்கு காய்ந்து, தூசியின்றி, எண்ணெய்ப் பிசுக்கின்றி இருக்க வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது; முழுவதும் சுரண்டி எடுங்கள். இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஓரம் நேராக வரும்.

அகலமான இடுக்கில் சீலன்டை ஆழம் முழுக்க நிரப்புவது வீண்செலவு, தவறும்கூட. உள்ளே முதலில் நுரைக் கயிறு, அதாவது பேக்கர் ராடு, வைக்க வேண்டும். இடுக்கைவிட 25 சதவீதம் தடித்த கயிறு: 12 மி.மீ. இடுக்குக்கு 15 மி.மீ. மேலே விடும் ஆழம் அகலத்தில் பாதி, 6 மி.மீ. கயிறு இல்லாமல் சீலன்ட் அடிப்பகுதியிலும் ஒட்டிக்கொண்டால், இரு பக்கமும் விரியும்போது நடுவில் இழுபட இடமின்றிக் கிழியும். 12க்கு 6 என்ற இந்தக் கோட்டின் குறுக்குப் பரப்பு 72 சதுர மி.மீ.; 300 மி.லி. டியூப் ஒன்று சுமார் 4 மீட்டர் வரும். முன்பு சொன்ன 6 மி.மீ. மூலைக்கோட்டுக்கு 16 மீட்டருக்கு மேல் வரும். வாங்கும் முன் நீளத்தை அளந்து, பத்து சதவீதம் வீணாகும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்னைச் சுமார் 45 பாகையில் பிடித்து, நாசிலின் சாய்வு முகம் இரு பக்கமும் படும்படி வையுங்கள். ஆழமான இடுக்கில் கன்னை முன்னே தள்ளிக்கொண்டு போனால் சீலன்ட் உள்ளே இறங்கும். மேலோட்டமான மூலைக்கோட்டை உங்களை நோக்கி இழுப்பதே சுலபம். சீலன்ட் வெளிவந்து இரு பக்கமும் தொட்ட பிறகே நகரத் தொடங்குங்கள். நகரும் வேகமும் அழுத்தும் வேகமும் ஒத்துப்போக வேண்டும்: கோட்டில் இடைவெளி விழுந்தால் கை வேகம், பக்கவாட்டில் வழிந்தால் கை மெதுவு. ட்ரிகரை முட்டும் வரை அழுத்த வேண்டாம். முக்கால் தூரத்தில் விட்டு உடனே பிடித்தால் மெலிவு குறையும். மறுபடி பிடிக்கும் அந்தக் கணத்தில் நகர்வையும் கொஞ்சம் தளர்த்துங்கள். கோடு முடிய 2, 3 செ.மீ. இருக்கும்போதே ட்ரிகரை விட்டுவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் அந்தத் தூரத்தை நிரப்பும். முடிந்ததும் கட்டைவிரல் பின்தகட்டில்.

ஒரே மூச்சில் ஒரு மீட்டருக்கு மேல் போட்டுவிட்டுத் தேய்க்க உட்காராதீர்கள். பல சிலிக்கான்களில் 5 முதல் 15 நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும்; வெயிலிலும் ஈரப்பதத்திலும் இன்னும் சீக்கிரம். ஆடை கட்டும் முன்பே இழுத்துச் சமன் செய்து, டேப்பையும் உரித்துவிட வேண்டும். ஆடை கட்டிய பிறகு டேப்பை உரித்தால் கோட்டின் ஓரமும் சேர்ந்து கிழியும். சோப்புத் தண்ணீரைச் சமன் செய்யும் கருவியில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். சீலன்ட் இன்னும் விழாத இடத்தில் அது பட்டால் அங்கே ஒட்டாது. உள்ளே முழுக்க இறுகுவது நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான். 6 மி.மீ. கோட்டை மறுநாளே தண்ணீரில் நனைப்பது அவசரம்.

கன் நழுவினால்

ட்ரிகர் அழுத்தினாலும் ராடு நகராமல் இருப்பதுதான் வழுவழு ராடு கன்னில் வரும் முக்கியக் கோளாறு. பெரும்பாலும் ராடில் காய்ந்த சீலன்ட் படலமோ எண்ணெயோ இருக்கும். துருப்பிடிக்கக் கூடாது என்று ராடு முழுக்க எண்ணெய் தடவுவது தவறு: தகடு கவ்வுவது உராய்வால்தான், அதையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எண்ணெய் கையுறை வழியாக இடுக்குக்குப் போனால் சீலன்டும் ஒட்டாது. ட்ரிகர் சுழலும் ஆணிக்கு ஒரு சொட்டு போதும். ராடைத் துணியால் துடைத்து, பிடிவாதமான படலத்தை நைஸ் உப்புத்தாளால் எடுங்கள். அப்படியும் நழுவினால் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். பல கன்களில் தகட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்க விளிம்பு புதிதாகக் கவ்வும். உருண்டை ராடு என்றால் கால் சுற்றுத் திருப்பி, தேயாத பக்கத்தைக் கொடுக்கலாம்.

வழிந்த சிலிக்கானை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு சுரண்டுவதுதான் வழி. பாலியூரித்தேன் தோலில் பட்டால் நாட்கணக்கில் போகாது, அதில் ஐசோசயனேட் என்ற தீங்கான ரசாயனமும் இருக்கிறது; கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பாதி தீர்ந்த டியூபைக் கன்னில் அழுத்தத்தோடு விட்டு வைக்காதீர்கள். ராடைப் பின்னே இழுத்து, நாசிலில் நீளமான ஸ்க்ரூவைத் திருகி, மேலே டேப் சுற்றுங்கள். சிலிக்கான் என்றால் அடுத்தமுறை ஸ்க்ரூவைப் பிடித்து இழுக்கும்போது காய்ந்த அடைப்பும் சேர்ந்து வரும். பாலியூரித்தேன் திறந்த பிறகு அதிக நாள் நிற்காது.

வேறு வகைச் சரக்குக்கு

600 மி.லி. ஃபாயில் பை நிறைய சீலன்ட் செலவாகும் பெரிய வேலைக்கு நல்லது. காலி பை கையளவு குப்பைதான். அதற்கு முழுக்குழாய் உள்ள தனிக் கன் வேண்டும், டியூப் கன்னில் போட முடியாது. குழாயைக் கழுவும் வேலை கூடுதல். இரண்டு பகுதிகளாக வரும் பசைக்கு அந்த டியூபின் கலவை விகிதத்துக்கு, 1:1 அல்லது 10:1 போல, பொருந்தும் இரட்டை ராடு கன்தான் பயன்படும். அதில் கலக்கும் நாசிலில் இருந்து முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது; நிறம் ஒரே சீராகும் வரை வெளியே தள்ளி எறிந்துவிட்டுத்தான் வேலையில் பயன்படுத்த வேண்டும்.

முன்தகடு வளைந்த கன்னைச் சுத்தியால் நிமிர்த்தி ஓட்டுவதில் பயனில்லை. ஒருமுறை வளைந்த இடம் அடுத்த கெட்டியான டியூபில் மறுபடி வளையும், பிஸ்டன் மறுபடி சாயும். ராடு வளைந்திருந்தாலும் அப்படியே. தகடு, ஸ்பிரிங், வட்டு மாற்றிப் பயன்படுத்தலாம். சட்டமோ ராடோ கோணலானால் புதுக் கன் வாங்குங்கள்.